மேப்புல கலர் மாறுனா லாபம் யாருக்குங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவுல இருக்கற ஒரு ஊருங்க நான். 27 வருசமா பத்திரம் எழுதறதுதான் பொழப்பு. கோயமுத்தூர் வளர்ச்சி பத்தி உங்க பேப்பர்ல வர்ற செய்தி எதையும் உடறதில்லைங்க, பாலம் வருது, பைபாஸ் வருது, புது பிளான் வருதுன்னு எல்லாம் படிக்கறேன், ஆனா அதுக்கெல்லாம் அடியில பூமி கை மாறிட்டே இருக்குதே, அதுல யாருக்கு என்ன போய் சேருதுன்னு எழுதறவங்க கொறச்சலா இருக்காங்க. நான் தெனமும் அந்த கை மாத்தத்ததான் பேப்பர்ல எழுதிட்டு இருக்கறவன், அதனால மனசுல இருக்கறத எழுதிரலாம்னு உக்காந்தேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

பத்திரத்துல செக்குபந்தின்னு ஒண்ணு வருமுங்க, சொத்துக்கு நாலு பக்கமும் என்ன இருக்குன்னு சொல்றது. நான் தொழிலுக்கு வந்த புதுசுல எழுதுன பத்திரத்த எடுத்து பாத்தா, "வடதென் இட்டேரிக்கு கிழக்கு, ஓடைக்கு மேற்கு, இன்னார் தோட்டத்துக்கு தெற்கு"ன்னு இருக்கும், அதுக்கு கீழ பொதுக் கெணத்துல ஆறுல ஒரு பங்கு, 5 எச்பி மோட்டார் சர்வீஸ், மாமூல் தட பாத்தியம், வாய்க்கா பாத்தியம், மேல நிக்கற தென்னை வேம்பு பனைன்னு ஒரு பக்கத்துக்கு வரும். ஒரு குடும்பம் எப்படி பண்ணையம் பண்ணுச்சுன்னு அந்த ஒரு பக்கத்த படிச்சாலே தெரிஞ்சுரும். இப்ப எழுதறது என்னன்னா "சைட் நம்பர் 42க்கு தெற்கு, 30 அடி அகல ரோட்டுக்கு மேற்கு", அவ்வளவுதான், மூணு வரி. டவுன்ல பொறந்த புள்ளைங்களுக்கு இட்டேரின்னா தெரியாது, ரெண்டு பக்கமும் கிளுவ வேலி, நடுவுல மாடும் வண்டியும் போற தடம், மழை பேஞ்சா தண்ணியும் அதுலயேதான் ஓடி குட்டைக்கு சேரும், வேலி பூரா கொடியும் குருவியும் கெடக்கும். லேஅவுட் போடறப்ப மொதல்ல போறது அந்த வேலிதானுங்க, ஜேசிபி வந்து ஒரு காலைல முடிச்சிருவான்.

நகரம் வளரக்கூடாதுன்னு நான் சொல்ல வரலீங்க. 2011 கணக்கெடுப்புலயே கோயமுத்தூர் மாவட்டத்துல நாலுல மூணு பேரு டவுன்லதான் இருந்தாங்க, அந்த வருசமே மாநகராட்சி 105 சதுர கிலோமீட்டர்ல இருந்து 257 ஆச்சு. திருப்பூர் 2008ல மாநகராட்சி, 2009ல தனி மாவட்டம். பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் பவுண்டரிக்கும் வந்த சனம் எங்க போய் தங்கும், வீடு வேணும். கேக்கறது என்னன்னா, எந்தப் பக்கம் வளரணும், எங்க நிக்கணும்னு யாரு முடிவு பண்றாங்க, அந்த முடிவுனால வர்ற பணம் யாரு பைக்கு போகுது, இது ரெண்டுதான்.

இதுல பிளான் சமாச்சாரத்த கொஞ்சம் சொல்லிர்றேன். நம்ம மாநிலத்துல நகர் ஊரமைப்பு சட்டம் 1971ல வந்தது. எந்த எடம் வீட்டுக்கு, எது விவசாயத்துக்குன்னு மேப்புல கலர் அடிச்சு சொல்றதுதான் முழுமைத் திட்டம், கோயமுத்தூருக்கு அத அரசாங்கம் ஒத்துக்கிட்டது 1994ல. அதுக்கப்பறம் 2041 வரைக்குமான அடுத்த பிளானோட வரைவு வெளிய வந்தது 2024 பிப்ரவரி. நடுவுல 30 வருசமுங்க! ஒரு தலைமுறை. அந்த 30 வருசமும் ஊர் சும்மா நிக்கல, பழைய மேப்புல விவசாயம்னு கலர் அடிச்ச எடத்த சர்வே நம்பர் சர்வே நம்பரா மனு போட்டு குடியிருப்புன்னு மாத்திக்கிட்டாங்க. பிளான் இல்லாத ஊர்னா சட்டத்துல 47ஏ பிரிவு இருக்குது, விவசாய பூமிய வேற உபயோகத்துக்கு மாத்த முன் அனுமதி வாங்கணும். இந்த மனு போடறது, பின்னால அலையறது, சென்னைக்கு போறது வர்றது, இதெல்லாம் 2 ஏக்கர்ல தட்டு வெதைச்சு ரெண்டு எருமை வெச்சிருக்கறவனால ஆகற காரியமாங்க? 50 ஏக்கர் ஒண்ணா சேத்து வெச்சிருக்கறவனாலதான் ஆகும். சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், ஆனா அத தூக்கிட்டு நடக்கற தெம்பு ஒருத்தனுக்குத்தான் இருக்குது.

எனக்கு அத்தை முறை ஆகற ஒரு அம்மா, 3 ஏக்கர் மேட்டாங்காடு, போர்ல தண்ணி அத்துப்போச்சு, பையனுக்கு ஆஸ்பத்திரி செலவு. வாங்க வந்தவங்க அட்வான்ஸ் குடுத்து அக்ரிமெண்ட் போட்டு பவரும் எழுதி வாங்கிக்கிட்டாங்க, எழுதுனது நானேதான். விவசாய பூமி வெலைதான் பேசுனாங்க, அன்னிக்கு ஊர்ல நடந்த வெலை அதுதான், ஏமாத்துனாங்கன்னு சொல்ல முடியாது. ரெண்டு வருசம் கழிச்சு அந்தப் பக்கமா ரோடு வருதுன்னு பேச்சு வந்தது, அப்பறம் அங்கயே சைட் போட்டாங்க. ஏக்கருக்கு 100 சென்ட், ரோடு பூங்கா போக 60 சென்ட் சொச்சம் சைட்டா நிக்கும், அந்த அம்மாளுக்கு ஏக்கருக்கு கெடைச்ச காசு பத்து சென்ட்டுலயே வந்துருச்சு. ஒரு நாளு என் கடைக்கு வந்து பெஞ்சுல உக்காந்துட்டு, "ஏங்கண்ணு, ரோடு வர்றது உனக்கு முன்னையே தெரியுமா"ன்னு கேட்டாங்க. சத்தியமா தெரியாதுங்க, தெரியாதுன்னுதான் சொன்னேன். நம்புனாங்களான்னு தெரியல. தண்ணி வாங்கி குடிச்சுட்டு எந்திரிச்சு போய்ட்டாங்க. யாருக்கோ முன்னையே தெரிஞ்சிருக்கணும், இல்லீன்னா வறண்ட காட்ட அத்தன ஏக்கர் ஒரே கையில யாரும் சேக்க மாட்டாங்க. நான் சொல்ல வந்ததே இதுதானுங்க. பூமியோட வெலைய ஏத்தறது அந்த பூமியில பாடுபட்டவனும் இல்ல, வாங்குனவனும் இல்ல, அரசாங்கம் போடற ரோடும் மேப்புல அடிக்கற கலரும்தான். அது ஊர்ப் பணம். அந்த ஊர்ப் பணம் முன்னாடியே தெரிஞ்சவன் பைக்கு மட்டும் போகுது.

இது எதனால நிக்க மாட்டேங்குதுன்னும் சொல்லணுமுங்க. பூமி வித்தா எல்லாத்துக்கும் வரும்படி. முத்திரை 7, பதிவு கட்டணம் 2, ஆக நூத்துக்கு 9 ரூபா பத்திர செலவு, அந்த ஏழுல ரெண்டு சொத்து மாற்ற வரின்னு உள்ளாட்சிக்கு போகுது. வெளிய பெருசா வருமானம் இல்லாத பஞ்சாயத்துக்கு அந்தக் காசு பெருங்காசு, அப்பறம் வீட்டு வரி, கட்டட அனுமதி கட்டணம். சோளம் வெதைச்சா பஞ்சாயத்துக்கு என்ன வரும், ஒண்ணும் வராது. தரகருக்கு கமிசன் வரும், பேங்குக்கு லோன் போகும், பத்திரம் எழுதற எனக்கும் கூலி வரும், என் ரெண்டு புள்ளைங்களயும் படிக்க வெச்சது அந்தக் கூலிதான், அத மறைக்கல. பூமி பூமியாவே கெடந்தா இதுல யாருக்கும் ஒத்த ரூபா இல்ல, இப்படி இருக்கறப்ப காட்ட காப்பாத்தறோம்னு மேடையில சொல்றது எப்படிங்க நடக்கும்?

2016 செப்டம்பர்ல சென்னை ஐகோர்ட்டு, அங்கீகாரம் இல்லாத சைட்ட பதியக்கூடாதுன்னு தடை போட்டுச்சு, ஞாபகம் இருக்குமுங்க. மாசக்கணக்குல எங்க தொழிலே படுத்துருச்சு. எனக்கு வருத்தம்தான், ஆனா அதுக்கு முன்னாடி நடந்தத நெனைச்சா கோர்ட்டு செஞ்சது நாயம்னுதான் தோணுது, ரோடு இல்ல, சாக்கடை இல்ல, குட்டைக்கு போற ஓடைய அடைச்சு சைட் பிரிச்சு வித்தாங்க, வாங்குனது கூலிக்காரங்களும் தறி ஓட்டறவங்களும். 2017 மே மாசம் வரன்முறை விதி வந்துச்சு, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி வித்த சைட்டுக்கு கட்டணம் கட்டுனா சரி பண்ணிக்கலாம்னு. கட்டணம் கட்டுனது யாரு? சைட் வாங்குன தறிக்காரன். பிரிச்சு வித்தவன் அதுக்குள்ள அடுத்த ஊர்ல லேஅவுட் போட்டுட்டான்.

சரி, கோடு போட்டா தீந்துருமா, நகரம் இதுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு எல்லை? படிச்சவங்க நெறைய பேரு அப்படி சொல்றாங்க. அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல 1973ல சட்டம் போட்டு, போர்ட்லேண்ட் நகரத்துக்கு 1979ல அப்படி கோடு போட்டிருக்காங்க. கோட்டுக்கு வெளிய பண்ணையம், உள்ள வீடு. அடுத்த 20 வருசத்துக்கு வீடு கட்ட தேவையான எடம் கோட்டுக்குள்ள இருக்கணும், 6 வருசத்துக்கு ஒருக்கா கணக்கு பாத்து பத்தலைன்னா கோட்ட நகத்தோணும்னும் சேத்தே எழுதி வெச்சிருக்காங்க. நம்ம 30 வருச மேப்பையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. ஆனா அங்கயும் தகராறு வராம இல்ல. கோட்டுக்கு வெளிய மாட்டுனவங்க, எங்க பூமி வெலை எறங்கிப்போச்சுன்னு கொதிச்சு, 2004ல ஓட்டெடுப்பு நடத்தி, நட்டஈடு குடு இல்லாட்டி கட்டுப்பாட்ட எடுன்னு ஜெயிச்சுட்டாங்க, அப்பறம் மூணு வருசத்துல இன்னொரு ஓட்டெடுப்பு வெச்சு அதுல பாதிய கொறைச்சாங்க. வெளிய நிக்கறவனுக்கு ஒண்ணும் குடுக்காம கோடு மட்டும் போட்டா அவன் சும்மா இருக்க மாட்டான், அமெரிக்காவுலயும் அப்படித்தான், அவினாசியிலயும் அப்படித்தான்.

என் மச்சான் பொங்கலூர் பக்கம் தென்னந்தோப்பு வெச்சிருக்காரு. இந்த பேச்சு எடுத்தாலே அவருக்கு கோவம் வந்துரும். "டவுன்காரனுக்கு பச்சையா பாக்கணும்னு ஆசைன்னா அதுக்கு நான் கடன்லயே சாகோணுமா மாப்ள"ன்னு கேப்பாரு. அவரு கேக்கறதுல தப்பே இல்லைங்க. கவர்மெண்டு வேலை பாத்தவருக்கு பென்சன் இருக்கு, இவருக்கு பென்சன் அந்த பூமிதான், புள்ள கல்யாணம், ஆபரேசன், பேரன் காலேஜ் எல்லாம் அதுலதான் வரணும். அவரு தோப்புல விவசாயம்னு கலர் அடிச்சுட்டு, ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கறவருக்கு குடியிருப்புன்னு அடிச்சா, ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் நடுவுல கோடிக்கணக்குல வித்தியாசம் வந்துருது, ரெண்டு பேரும் ஒரே மழைய நம்புன ஆளுங்கதான்.

இன்னொரு பக்கமும் நடந்தது. அன்னூர் மேட்டுப்பாளையம் பக்கம் தொழிற்பூங்காவுக்குன்னு 3,800 ஏக்கருக்கு மேல எடுக்கப் போறோம்னு 2021ல சொன்னப்ப, அங்க விவசாயிங்க குடுக்க மாட்டோம்னு நின்னாங்க, கடைசியில அரசாங்கமே விவசாய நெலத்த எடுக்க மாட்டோம்னு சொல்ல வேண்டி வந்துச்சு. ஒருத்தர் விக்கணும்ங்கறாரு, இன்னொருத்தர் குடுக்க மாட்டேங்கறாரு, கேக்கறவங்களுக்கு ரெண்டும் எதிரெதிரா தெரியும். எனக்கு அப்படி தெரியலீங்க. ரெண்டு பேரும் கேக்கறது ஒண்ணுதான், என் பூமிய பத்தி என்னைக் கேக்காம முடிவு பண்ணாதீங்க, வர்ற லாபத்துல என்னைய வெளிய நிறுத்தாதீங்க.

கோடு போட்டா வாடகை ஏறும், அதையும் சொல்லாம உடக்கூடாது. திருப்பூர்ல ஒரு ரூமுக்குள்ள நாலஞ்சு பேரு இருந்துட்டு சிப்ட்டுக்கு போற புள்ளைங்க இருக்காங்க, எடம் கொறைஞ்சா மொதல்ல அடி அவங்களுக்குத்தான். அதனால வெளிய கோடு போடறவங்க உள்ள எடத்த தெறந்து உடணும். உள்ள எடமே இல்லைன்னு சொல்ல முடியாதுங்க. எங்க சுத்து வட்டாரத்துல லேஅவுட் போட்டு பத்து வருசம் ஆகியும் கல்லு மட்டும் நட்டு சீமைக்கருவேலம் மொளச்சு கெடக்கற சைட்டு எத்தனையோ. வாங்குனவங்க கட்டறதுக்கு வாங்கல, பேங்குல போடறதுக்கு பதிலா மண்ணுல போட்டு வெச்சிருக்காங்க. காலி மனை வரின்னு ஒண்ணு இருக்குது, அது வெலை ஏறுற வேகத்துக்கு முன்னால ஒண்ணுமே இல்ல. அஞ்சு வருசத்துக்கு மேல கட்டாம போட்டா வரி வருசா வருசம் ஏறணும்னு வெச்சா, பாதி சைட்டு வெளிய வரும், அப்பறம் புதுசா காட்ட எதுக்கு அழிக்கணும். 10 கிலோமீட்டர் தள்ளி நாலு வீட்டுக்கு பைப்பு இழுக்கறதும் கம்பம் நடறதும் பஸ் உடறதும் யாரு காசுங்க, எல்லாரு வரிப்பணமுந்தான்.

அத்திக்கடவு அவினாசி திட்டத்த நெனைச்சா எனக்கு இன்னும் அடிச்சுக்கும். அறுபது வருச கோரிக்கை, எங்க அப்பாரு காலத்துல இருந்து கேட்டது, 1,916 கோடி ரூபா செலவுல 2024 ஆகஸ்ட்ல தொறந்தாங்க, காளிங்கராயன் அணைக்கட்டுக்கு கீழ இருந்து உபரி தண்ணிய பம்பு பண்ணி 1,045 குளம் குட்டைக்கு கொண்டாந்து உடறாங்க. நான் பாத்த ஒரு குட்டையில தண்ணி வந்தன்னிக்கு பெரியவங்க கரையில நின்னு கும்பிட்டாங்க. கெணத்துல தண்ணி ஏறட்டும், திரும்ப வெள்ளாமை பண்ணட்டும்னு ஊர்ப் பணத்துல கொண்டாந்த தண்ணி அது. ஆனா கெணத்துல தண்ணி ஏறுனா சைட் வெலையும் ஏறும், "தண்ணி வசதி உள்ள எடம்"னு போர்டு வெச்சு விக்க ஆரம்பிச்சாச்சு. அந்த 1,045 குளத்துக்கு தண்ணி வர்ற ஓடையும் இட்டேரியும் பிளான் மேப்புல தனிக் கலர்ல இருக்கணும், அதுல எந்த சர்வே நம்பரையும் மாத்த முடியாதுன்னு எழுதி வெக்கணும், இத விட அவசரம் எனக்கு வேற தெரியல.

வெலை ஏறுற லாபத்துல விவசாயிக்கு பங்கு எப்படி குடுக்கறதுன்னு கேட்டா வழி இல்லாம இல்லைங்க. அமெரிக்காவுல வாஷிங்டனுக்கு பக்கத்துல மாண்ட்கோமரின்னு ஒரு கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி, 1980ல 93,000 ஏக்கர பண்ணையத்துக்குன்னு ஒதுக்குனாங்க, 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம்னாங்க, ஆனா அதுக்கு பதிலா 5 ஏக்கருக்கு ஒண்ணுன்னு கட்டற உரிமைய மட்டும் தனியா பேப்பர்ல வித்துக்கலாம். டவுனுக்குள்ள கூடுதலா மாடி கட்டணும்ங்கற பில்டர் அத வெவசாயிகிட்ட காசு குடுத்து வாங்கணும். பூமி விவசாயிகிட்டயே நிக்குது, காசும் வருது. நம்ம ஊர்லயும் கட்டற உரிமைய மாத்திக்கற முறை இருக்குது, ஆனா ரோடு மாதிரி பொது வேலைக்கு எடம் உடறவங்களுக்குத்தான். அத நொய்யல் ஓரத்துல இருக்கற தோட்டத்துக்கும் நீட்டுனா என்ன? இது பத்திரமா எழுதி பதியக்கூடிய உரிமைதான், இருபத்தேழு வருசம் எழுதுனவனா சொல்றேன், கஷ்டமே இல்ல.

குஜராத்துல இன்னொரு விதமா பண்றாங்க, பழைய பம்பாய் மாகாணத்துல 1915ல வந்த சட்டத்துல இருந்தே பழக்கம். எல்லாரு பூமியையும் ஒண்ணா சேத்து, ரோட்டுக்கும் பூங்காவுக்கும் ஏழைங்க வீட்டுக்கும் எடத்த எடுத்துட்டு, மிச்சத்த அவங்கவங்களுக்கே சின்னதா ஆனா ரோட்டு மேல இருக்கற மாதிரி திருப்பி குடுத்துருவாங்க. அகமதாபாத்த சுத்தி 76 கிலோமீட்டர் ரோட்டுக்கு நெறைய எடம் இப்படித்தான் கெடைச்சது. இதுல எனக்கு புடிச்சது என்னன்னா, ரோடு எங்க வருதுன்னு முன்னாடி தெரிஞ்சவனுக்கு தனி லாபம் இல்ல, ரோட்டுக்கு பூமி போனவனும் போகாதவனும் ஒரே அளவுலதான் உடறாங்க. நம்ம சட்டத்துலயும் நெலம் திரட்டறதுக்கு எடம் குடுத்து திருத்தம் வந்தாச்சு, எங்க பக்கம் ஒரு ஊர்லயும் நான் பாக்கல.

லாபத்த முழுசா அரசாங்கமே எடுத்துக்கட்டும்னு சில பேரு சொல்லுவாங்க, அதுவும் ஆகாது. இங்கிலாந்துல 1947ல அப்படித்தான் பண்ணாங்க, அனுமதியால ஏறுற வெலை பூராத்தையும் கட்டணமா எடுத்தாங்க, அப்பறம் யாரும் எடத்த வெளியவே கொண்டாரல, 1953ல எடுத்துட்டாங்க. பாதிய ஊருக்கு குடுத்துட்டு பாதிய வெச்சுக்கன்னு சொன்னா மனுசன் கேப்பான்.

இப்ப ஒரு ஹெக்டேருக்கு மேல லேஅவுட் போட்டா 10 சதவீதம் பொது எடமா பஞ்சாயத்துக்கு தானமா எழுதிக் குடுக்கோணும். அந்த தானப் பத்திரம் நான் நெறைய எழுதியிருக்கேன். பெரும்பாலும் பள்ளமா, கோணலா, ஓடை ஓரத்துல இருக்கற துண்டத்ததான் பூங்கான்னு எழுதுவாங்க, எழுதி குடுத்துட்டு வந்தா அதோட சரி, ஒரு செடி வெச்சு நான் பாத்த லேஅவுட் ரெண்டு மூணுதான் இருக்கும்.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட ஒரு காரியம் கேக்கத்தான் இவ்வளவும் எழுதுனேன். 2041 பிளான் வரைவு வந்தப்ப நான் என் பூமியோட சர்வே நம்பர அந்த மேப்புல தேடுனேன், தெனமும் எஃப்எம்பி, அதாவது நெல அளவு வரைபடம், பாக்கற எனக்கே ஒரு மணி நேரம் ஆச்சு, எங்க ஊர் பெரியவங்க யாரும் தேடியே பாக்கல, வரைவு வந்ததே பாதி பேருக்கு தெரியாது. எந்த சர்வே நம்பரோட கலர் மாறுது, யாரு மனு போட்டாங்க, எப்ப விசாரணைன்னு ஊர் வாரியா உங்க பேப்பர்ல வாராவாரம் போடுங்க, ஒரு கால் பக்கம் போதும். ஜோன், அதாவது அந்தக் கலர, மாத்தற மனு வந்த நாளுக்கு முந்தின மூணு வருசத்துல அந்த பூமி எத்தன கை மாறுச்சுன்னும் சேத்து போட முடிஞ்சா நல்லது, வில்லங்கம் போட்டு பாத்தா யாரு வேணா எடுக்கலாம், எடுத்துக் குடுக்கறதுக்கு நான் வர்றேன், கூலி வேண்டாம்.

எங்க பங்குல ரெண்டு ஏக்கர் 40 சென்ட் இன்னும் இருக்குதுங்க. மேக்கால இட்டேரி. நாலு தரகர் வந்து கேட்டாச்சு, போன மாசம் வந்தவரு சொன்னாரு, "அண்ணா, இப்ப குடுக்காட்டி கலர் மாறுனதுக்கு அப்பறம் நீங்களே வருத்தப்படுவீங்க"ன்னு. எந்தக் கலர்னு கேட்டேன். சிரிச்சுட்டு வண்டிய எடுத்துட்டு போய்ட்டாரு.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்,
சூலூர் வட்டாரம்.